மூழ்காத கப்பல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். 1782, 1783ஆம் ஆண்டுகளில் நம் கரையோரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் நடத்திய ஐந்து கடற்போர்களைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். சதுரங்கப்பட்டினம், புரோவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஐந்து போரிலும் எதிரியின் குண்டால் ஒரு பெரிய போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றுகூடப் பிடிபடவில்லை" என்று முடித்திருந்தீர்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை. எங்கள் ஊர்க் கடலில் மட்டும் இரு தரப்பிலும் பதினொரு கப்பல்கள், மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிகள். மணிக்கணக்கில் சுட்டும் ஒரு கப்பல் மூழ்கவில்லை என்றால், சுட்டவர்களுக்குக் குறிபார்க்கவே தெரியாதா?

என் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது வேறொரு கேள்வி கேட்டார். படகில் ஒரு பக்கம் பாரம் கூடினாலே சாய்கிறது. டன் கணக்கில் எடையுள்ள பீரங்கிகளை இரண்டு மாடியாக அடுக்கிய கப்பல் எப்படி நிமிர்ந்து நின்றது? பீரங்கிகளை முன்னால் வைக்காமல் ஏன் பக்கவாட்டில் வைத்தார்கள்? ஒரு பீரங்கிக்கு எத்தனை பேர் வேண்டும்? நேரம் கிடைக்கும்போது விளக்குங்கள்.

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கப்பலில் பீரங்கிகளை அடுக்கிய முறை முழுவதும் அவர் சொல்லும் அந்தச் சாய்வுக்குப் பயந்து உருவானதுதான்.

ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கொடிக்கப்பல், அதாவது அவர் ஏறிவந்த கப்பல், 'சூப்பர்ப்' 74 பீரங்கிகள் கொண்டது. கீழ்த்தளத்தில் 28 பீரங்கிகள், ஒவ்வொன்றும் 32 ராத்தல் (பவுண்டு) குண்டு போடுவது. அதற்கு மேல்தளத்தில் 28, அவை 18 ராத்தல். திறந்த தளத்தில், பாய்க்கயிறுகளுக்கு நடுவே, 9 ராத்தல் பீரங்கிகள் 18. எதிரில் வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 'எரோ' கப்பலும் 74தான். அந்த வகைப் பிரெஞ்சுக் கப்பல்களின் கீழ்த்தளத்தில் 36 ராத்தல், அடுத்ததில் 18, மேலே 8 என்று வைப்பார்கள். பிரெஞ்சு ராத்தல் ஆங்கில ராத்தலைவிடச் சற்றுக் கனமானது என்பதால் அந்த 36 ராத்தல் குண்டு கிட்டத்தட்ட பதினேழரைக் கிலோ இருக்கும். இரு தரப்பிலும் விதி ஒன்றே: கனமானது கீழே, மேலே போகப் போக இலேசானது. அதற்கும் கீழே, கப்பலின் அடிவயிற்றில், இரும்புப் பாளங்களும் சரளைக்கல்லும் தண்ணீர்ப் பீப்பாய்களும் பாரமாகக் கிடக்கும்.

இந்த விதியை மீறியதால் என்ன ஆகும் என்பதை ஸ்வீடன்காரர்கள் 1628இல் பார்த்தார்கள். 'வாசா' என்ற புதுக்கப்பலில் இரண்டு தளங்களிலும் ஒரே கனத்தில், 24 ராத்தல் பீரங்கிகளை ஏற்றினார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஒரு காற்று அடித்தது, கப்பல் சாய்ந்தது, திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் வழியே கடல் உள்ளே வந்தது. எதிரி யாரும் இல்லாமலேயே மூழ்கியது.

அந்தச் சாளரங்கள்தான் இந்தக் கப்பல்களின் உயிர்நிலை. பெரிய பீரங்கியைக் கீழே வைத்தாக வேண்டும், ஆனால் கீழே வைத்தால் அதன் வாய் தண்ணீருக்கு அருகில் வந்துவிடுகிறது. 74 பீரங்கிக் கப்பலில் கீழ்த்தளச் சாளரத்தின் விளிம்புக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூடக் கிடையாது. கடல் கொந்தளித்தால் மரக்கதவுகளை இழுத்து மூடிவிட வேண்டும். மூடினால் கப்பலின் மிகப் பெரிய பீரங்கிகள் அனைத்தும் பயனற்றுப் போகும். 1759 நவம்பரில் பிரான்சின் கீபெரோன் விரிகுடாவில், புயல் கடலில் நடந்த போரில் 'தெசே' என்ற பிரெஞ்சுக் கப்பல் கீழ்ச்சாளரங்களைத் திறந்து சண்டையிட்டு, அவற்றின் வழியாகவே நீர் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களோடு அமிழ்ந்தது.

காற்றின் கணக்கும் இதில் சேர்கிறது. உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார். பாய் விரித்த கப்பல் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். ஆகவே காற்றுக்கு மேலே, அதாவது காற்று வரும் திசையில் நிற்கும் கப்பல் எதிரியை நோக்கிச் சாய்ந்திருக்கும், அதன் கீழ்ப்பீரங்கிகள் தண்ணீருக்கு இன்னும் அருகில் இறங்கும். காற்றுக்குக் கீழே நிற்பவனுக்கோ எதிரியைப் பார்க்கும் பக்கம் உயர்ந்து நிற்கும், அவன் தன் பெரிய பீரங்கிகளைத் தாராளமாகத் திறந்து சுடலாம். ஆனால் எப்போது நெருங்குவது, எங்கே தாக்குவது என்று முடிவு செய்யும் உரிமை மேலே நிற்பவனுக்கே. தளபதிகள் நாள் முழுவதும் காற்றுக்காக அலைந்தது இதனால்தான். 1782 ஜூலை 6ஆம் தேதி உங்கள் ஊர்க் கடலில் ஹியூஸ் தென்மேற்குக் காற்றைப் பிடித்து மேலே நின்றார். பதினொரு மணியளவில் சண்டை தொடங்கியது. நண்பகல் தாண்டியதும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. நாகப்பட்டினத்தில் எந்த மீனவரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய காற்று அது. இரு வரிசைகளும் ஒரு நொடியில் குலைந்தன, சில கப்பல்கள் ஒரு பக்கமும் சில மறுபக்கமுமாகத் திரும்பிப்போயின.

முன்னால் ஏன் வைக்கவில்லை என்றால், இடம் இல்லை. முனை குறுகலானது. அதற்கு மேல் முன்பாய்களைத் தாங்கும் நீண்ட மரமும் கயிற்றுக் காடும். பின்பக்கமோ அதிகாரிகளின் அறைகளும் கண்ணாடிச் சன்னல்களும் நிறைந்தது, முழுக் கப்பலில் மிக மெலிந்த இடம். ஆக, பலம் முழுவதும் இரு விலாவில். அதனால்தான் போரில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டின. ஒவ்வொன்றும் முன்னால் போவதன் பின்பக்கத்தையும் பின்னால் வருவதன் முகப்பையும் காத்துக்கொண்டு, விலாவை மட்டும் எதிரிக்குக் காட்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 74 பீரங்கிகள் என்றால் ஒரு பக்கத்துக்கு 37. ஓர் எதிரியோடு மோதும்போது பயன்படுவது அந்த 37தான். நாகப்பட்டினத்தில் இருந்த சுமார் 1,400 பீரங்கிகளில் ஒரே சமயத்தில் சுட முடிந்தவை 700. அவற்றிலும் பல, எட்டாத தூரத்தில் நின்ற கப்பல்களில் இருந்தன. மிச்சப் பாதியைச் சும்மா வைத்திருந்ததற்குக் காரணம் ஆட்கள். ஒரு கப்பலில் ஒரு பக்கத்துக்குத்தான் ஆள் இருந்தது.

நீங்கள் கடைசியாகக் கேட்ட 'எத்தனை பேர்' என்ற கேள்வியை நான் முதன்மையானதாக நினைக்கிறேன். 32 ராத்தல் பீரங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக்குழல் மட்டும் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு சிறிய மரச்சக்கரங்கள் வைத்த கட்டை வண்டியில் அது உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதினான்கு பேர், வெடிமருந்து கொண்டுவர ஒரு சிறுவன். இதே குழுவுக்குத்தான் நேர் எதிர்ப்பக்கத்துப் பீரங்கியும் சொந்தம்.

வேலை இப்படி நடக்கும். முதலில் நனைத்த ஆட்டுத்தோல் சுற்றிய கழியைக் குழலுக்குள் விட்டுத் துடைப்பான் ஒருவன். முந்தைய வெடியின் கங்கு உள்ளே மிஞ்சியிருந்தால் அடுத்த மருந்துப்பொதி அவன் கையிலேயே வெடிக்கும். பிறகு கம்பளித்துணியில் கட்டிய வெடிமருந்துப் பொதி உள்ளே போகும். அதன்மேல் பழங்கயிற்றுச் சுருள், அடுத்து குண்டு, குண்டு உருண்டு வெளியே வராமலிருக்க இன்னொரு சுருள். ஒவ்வொன்றையும் நீண்ட கழியால் இடித்து இறுக்க வேண்டும். குழுத்தலைவன் பின்னாலிருக்கும் சிறு துளைக்குள் கம்பியை விட்டுப் பொதியைக் கிழித்து, துளையை நல்ல மருந்தால் நிரப்புவான். அதன்பின் எல்லாரும் கப்பிக்கயிறுகளைப் பிடித்து இழுக்க, வண்டி முன்னால் உருண்டு குழலின் வாய் சாளரத்துக்கு வெளியே நீளும். தேர் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்: வடம் பிடிக்கும் கூட்டம், பின்சக்கரத்தை நெம்பித் திருப்பும் இருவர், கட்டை கொடுப்பவன் ஒருவன். இங்கே கட்டை குழலின் அடியில் போகிறது. அந்த ஆப்பைத் தள்ளினால் வாய் தாழும், இழுத்தால் உயரும். குறிபார்ப்பது என்பது இவ்வளவுதான்.

வெடித்ததும் மூன்று டன் இரும்பு பின்னால் பாயும். கப்பலின் பக்கச்சுவரில் கட்டிய பருத்த வடம் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். வடம் அறுந்தாலோ யாராவது பின்னால் நின்றாலோ உயிர் போகும். பிறகு மறுபடியும் ஆட்டுத்தோல் கழி. பழகிய குழு ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சுடும். அதுவும் முதல் சில சுற்றுகளுக்குத்தான், கை ஓய்ந்தபின் வேகம் குறையும். இவ்வளவும் நிமிர்ந்தால் தலை உத்திரத்தில் முட்டும் இருட்டறையில், புகையில். சத்தத்துக்குத் துணியால் காதைக் கட்டிக்கொள்வார்கள். கால் வழுக்காமலிருக்கத் தரையில் மணல் தூவுவார்கள். போர் இல்லாத நாட்களில் அவர்கள் சாப்பிட்டதும் அதே இடத்தில்தான். இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே ஒரு பலகையைத் தொங்கவிட்டு உண்பார்கள், இரவில் அதற்கு மேலே தூளி கட்டித் தூங்குவார்கள்.

அந்தச் சிறுவனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்தறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். உள்ளே விளக்கு கிடையாது. பக்கத்து அறையில் ஏற்றிய விளக்கின் ஒளி கண்ணாடி வழியாக வரும். அங்கே வேலை செய்பவர்கள் காலில் மென்மையான செருப்பு, கையில் இரும்புச் சாமான் எதுவும் கிடையாது. வாசலில் நனைத்த கம்பளித் திரை. திரையின் இடுக்கு வழியாகக் கொடுக்கும் பொதியை மூடி போட்ட பெட்டியில் வாங்கிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஏணியேறி ஓட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு பொதி. பீரங்கிக்குப் பக்கத்தில் இரண்டு பொதிகள் சேர்ந்தால் ஒரு பொறி போதும். இந்த வேலையில் பலர் பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள். கடற்போர் என்றதும் தளபதிகளின் பெயர்களை மட்டும் சொல்லும் பழக்கம் எனக்கு ஏற்புடையது அல்ல. அந்தப் பிள்ளைகள் ஓடாவிட்டால் எந்தத் தளபதிக்கும் ஒரு வெடிகூடக் கிடைத்திருக்காது.

ஓர் 74இல் ஏறத்தாழ அறுநூறு பேர் இருப்பார்கள். ஒரு பக்கத்துப் பீரங்கிகளுக்கே நானூறுக்கு மேல் போய்விடும். பாய்களுக்கு ஆள் வேண்டும், மருந்தறைக்கு வேண்டும், துப்பாக்கி வீரர்கள் தனி, மருத்துவர், தச்சர், சுக்கான் பிடிப்பவர்கள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சுட வேண்டுமானால் குழு பாதியாகப் பிரிய வேண்டும், வேகமும் பாதியாகும்.

சுஃப்ரேன் குறிவைத்தது இந்த இடத்தைத்தான். 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கில வரிசையின் வால்பகுதியை மட்டும் தாக்கி, சில கப்பல்களை மறுபக்கமாகச் சுற்றிவந்து இரு விலாவிலும் சுடச் சொன்னார். அவருடைய கேப்டன்கள் எல்லாரும் கீழ்ப்படியவில்லை. கடைசியில் நின்ற 'எக்ஸிடர்' என்ற 64 பீரங்கிக் கப்பல்தான் அடிவாங்கியது. அதன் கேப்டன் மேல்தளத்திலேயே குண்டடிபட்டு இறந்தார். இன்னொரு எதிரிக் கப்பல் நெருங்கி வருகிறது, என்ன செய்வது என்று கேட்டபோது, கப்பல் மூழ்கும்வரை சண்டையிடுவதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அதே கப்பலில் இருந்த மேலதிகாரி கமடோர் கிங் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

ஆனால் கப்பல் மூழ்கவில்லை. இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சுட்டவர்களுக்குக் குறிபார்க்கத் தெரியாமல் இல்லை. மூழ்கடிப்பது அவர்களுடைய வேலையாகவே இல்லை. நீர்மட்டத்தை ஒட்டி இந்தக் கப்பல்களின் மரச்சுவர் ஏறத்தாழ இரண்டடி கனம். உள்ளே வெடிக்காத, வெறும் இரும்பு உருண்டை அதைத் துளைத்தால் ஒரு சாண் அகல ஓட்டை விழும், ஈரமரம் விரிந்து அதையும் பாதி அடைத்துக்கொள்ளும். நீர்மட்டத்தில் ஓட்டை விழுந்தால் தச்சர்கள் உள்ளிருந்தே மரமுளையும் கயிற்றுநாரும் ஈயத்தகடும் வைத்து அடைப்பார்கள். அதற்காகவே சுவரை ஒட்டி ஒரு நடைபாதை விட்டிருப்பார்கள். குண்டடியால் மட்டும் மரக்கப்பல் மூழ்குவது அரிது. போரில் பெரும்பாலும் தீப்பிடித்தால்தான் அதற்கு முடிவு. பிடிபட்ட கப்பலுக்குப் பரிசுப்பணமும் கிடைக்கும்போது அதை யார் கடலடிக்கு அனுப்ப நினைப்பார்கள்?

குண்டு தேடியது மனிதர்களை, அடுத்தபடியாகப் பாய்மரங்களை. சுவரைத் துளைத்த குண்டு தன்னோடு மரச்சிம்புகளைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஈட்டிபோல நீண்ட அந்தச் சிம்புகள் கீழ்த்தளத்தில் குழுக்குழுவாக ஆட்களைச் சாய்க்கும். பதினான்கு பேரில் ஆறு பேர் விழுந்தால் பீரங்கி நிற்காது, வேகம்தான் குறையும். பத்துப்பேர் விழுந்தால் மூன்று டன்னை இழுக்க ஆளில்லாமல் அது நின்றுவிடும். இப்படிப் பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்வதுதான் ஒரு கப்பல் தோற்பது.

1782 ஏப்ரல் 12 அன்று திருகோணமலைக்குத் தெற்கே, புரோவிடியன் என்ற சிறு தீவுக்கு அருகே நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கம் 137 பேர் இறந்தார்கள், 430 பேர் காயமடைந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களிலும் இறந்தவர் அதே 137, காயம் 357. ஆங்கிலேய இழப்பில் பாதிக்கு மேல் இரண்டே கப்பல்களில். 'சூப்பர்ப்'இல் 59 பேர் இறந்தனர். 'மான்மத்' என்ற 64இல் 45 பேர் இறந்து 102 பேர் காயமடைந்தார்கள், மூன்று பாய்மரங்களில் இரண்டு சாய்ந்தன. அந்தக் கப்பலும் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. போருக்குப்பின் இரண்டு கடற்படைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நங்கூரமிட்டு, ஒரு வாரம் மரத்தையும் கயிற்றையும் சரிசெய்துகொண்டிருந்தன. மீண்டும் மோத இரு தரப்பிலும் தெம்பு இல்லை.

வியப்பான விஷயம், அதே ஏப்ரல் 12 அன்று உலகின் மறுகோடியில், கரீபியக் கடலின் செயின்ட்ஸ் தீவுகளுக்கு அருகே இதே இரு நாடுகளும் மோதின. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் கொடிக்கப்பல் உட்பட ஐந்து கப்பல்களை இழந்தார்கள். ஆங்கிலேயரின் கொடிக்கப்பலில் இருந்த சார்லஸ் டக்ளஸ் என்ற கேப்டன் பீரங்கிகளில் செய்திருந்த மாற்றங்களுக்கு அந்த வெற்றியில் பங்கு உண்டு. அதுவரை பெரும்பாலான பீரங்கிகளைப் புகையும் திரியால் பற்றவைத்தார்கள். திரி வைத்ததற்கும் வெடிப்பதற்கும் இடையே ஒரு கணம் தாமதமாகும். அலையில் உருளும் கப்பலில் அந்தக் கணத்தில் குழல் வானத்தையோ தண்ணீரையோ பார்க்கத் திரும்பிவிடும். டக்ளஸ் துப்பாக்கியில் இருப்பது போன்ற சிக்கிமுக்கிக்கல் விசையைப் பொருத்தி, துளையில் கொட்டும் மருந்துக்குப் பதிலாக வாத்து இறகின் தண்டில் மருந்தை அடைத்துச் செருகினார். கயிற்றைச் சுண்டினால் உடனே வெடிக்கும், குழுத்தலைவன் அலையைப் பார்த்துச் சுடலாம். பக்கத்துப் பீரங்கிகளை முன்னும் பின்னும் சாய்வாகத் திருப்பிச் சுடவும் வழி செய்தார். பீரங்கி அதேதான், குண்டும் அதேதான், ஆட்கள் வேலை செய்யும் விதம்தான் மாறியது.

உங்கள் ஊர்ப் போரில் ஒரு கப்பல் ஏறத்தாழப் பிடிபட்டது. காற்று திரும்பிய குழப்பத்தில் 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பல் 'சுல்தான்' என்ற 74 பீரங்கி ஆங்கிலக் கப்பலிடம் தனியாகச் சிக்கியது. அதன் கேப்டன் கொடியை இறக்கச் சொன்னார். இறக்கவும் செய்தார்கள். அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கொடியை மறுபடி ஏற்றி, சரணடைந்த கப்பல் என்று நம்பித் திரும்பிக்கொண்டிருந்த 'சுல்தான்' மீது சுட்டுவிட்டுத் தப்பித்தார்கள். கொடியை இறக்கியபின் சுடுவது கடற்போர் மரபில் பெரிய குற்றம். ஹியூஸ் அந்தக் கப்பலைக் கேட்டு ஆளனுப்பினார். சுஃப்ரேன் கொடுக்கவில்லை, கொடிக்கயிறு அறுந்து விழுந்தது என்று சொல்லிவிட்டார். அன்று பிரெஞ்சுக்காரர்களில் 178 பேர் இறந்தார்கள், 601 பேர் காயமடைந்தார்கள். ஆங்கிலேயரில் 77, 233.

கப்பல் போகாவிட்டாலும் மரமும் ஆளும் போய்க்கொண்டே இருந்தன. இரண்டுக்கும் ஐரோப்பாவிலிருந்து மாற்று வர மாதங்கள் ஆகும். நாகப்பட்டினம் போருக்குப்பின் சுஃப்ரேன் கடலூரில் ஒதுங்கி, சிறிய கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரியவற்றில் நட்டார், வீடுகளைப் பிரித்து உத்திரங்களை எடுத்தார். ஒழுங்கான துறைமுகமே இல்லாத கரையில் இதைச் செய்துவிட்டு ஆகஸ்ட் மாதத்திலேயே திருகோணமலையைப் பிடித்தார். அவர்மேல் எனக்கிருக்கும் மரியாதை பெரும்பாலும் அந்த சில வாரங்களால் வந்தது.

ஆள் பற்றாக்குறைக்கு அவர் கண்ட வழி 1783 ஜூனில் தெரிகிறது. கடலூரில் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸியின் படை ஆங்கிலேயர் முற்றுகையில் இருந்தது. கடலில் ஹியூஸிடம் பெரிய கப்பல்கள் 18, சுஃப்ரேனிடம் 15. சுஃப்ரேனின் பீரங்கிகளுக்குப் போதிய ஆள் இல்லை. கரையில் முற்றுகைக்குள் இருந்த படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். தரையில் போரிட்டுப் பழகியவர்களால் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். குழுத்தலைவனும் துடைப்பவனும் மருந்து திணிப்பவனும் பழகியவர்களாக இருந்தால் போதும். மற்ற பத்துப்பேர் சொன்னபோது கயிற்றை இழுத்தால் பீரங்கி சுடும். ஜூன் 20ஆம் தேதி மாலை அந்தக் கலவையான குழுக்கள் பதினெட்டுக் கப்பல்களுக்கு ஈடுகொடுத்தன. பிரெஞ்சுக்காரர்களில் 102 பேரும் ஆங்கிலேயரில் 99 பேரும் இறந்தார்கள், கப்பல் எதுவும் போகவில்லை. ஹியூஸின் கப்பல்களில் ஸ்கர்வி நோயும் தண்ணீர்ப் பஞ்சமும் ஏற்கெனவே தலைவிரித்தாடின. அவர் கடலூரை விட்டுச் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. சுஃப்ரேன் கரைக்கு வந்து, வாங்கிய 1,200 பேரைத் திருப்பி இறக்கியதோடு, தன் கப்பல் ஆட்களையும் புஸ்ஸியின் படைக்குத் துணையாக அனுப்பினார். மாத இறுதியில் ஐரோப்பாவில் போர் நின்றுவிட்ட செய்தி வந்து சேர்ந்தது.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: ஜூலை முதல் வாரத்தில் நாகப்பட்டினத்துக்கு வெளியே காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்று அவர் எதை வைத்துக் கணிக்கிறார்? அந்தப் போரைப் பற்றி விரிவாக எழுத நினைக்கிறேன், அதற்கு இது எனக்குத் தேவைப்படும்.

அன்புடன்